கூழை தாங்குவார்

சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள் மாலை, ஆண்டிபட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் நண்பர் ஒருவரைக் கண்டு திரும்பிய நாம் மூவர், வைகை அணையின் கரையிற் சிறிது பொழுது தங்கினோம். வருசநாட்டு மலைகள் நீலம் பூத்து நின்றன. நீர்ப்பரப்பின்மேல் வெயில் தணிந்திருந்தது. அப்பொழுது நீர்க்காகங்கள் ஒரு கூட்டமாய், இரு கைகளையும் மணிக்கட்டிற் சேர்த்து விரித்தாற்போன்ற வடிவில், நீரை ஒட்டி மேற்கு நோக்கிப் பறந்து சென்றன. ‘முன்னே செல்லும் பறவைதான் சேனாதிபதி’ என்றார் உடனிருந்த நண்பர். ‘இல்லை, அதற்கு வலப்புறத்தே செல்வதன்றோ வழி காட்டுகிறது?’ என்றார் மற்றவர். இவ்வழக்குத் தீருமுன்னே கூட்டம் மலைநிழலில் மறைந்தது. கடைசியாய்ப் பறந்த பறவை எது, அஃது எவ்வாறு பறந்தது என்பதை நம்முள் ஒருவரும் பார்த்திலோம். அச்சிறு மறதியே இக்கட்டுரை எழுவதற்குக் காரணமாயிற்று.

அணி என்னும் சொல் தமிழில் அழகையும் குறிக்கும். ஒழுங்காக நிற்கும் வரிசையையும் குறிக்கும். மகளிர் பூணுவது அணி. செய்யுளுக்கு அழகு செய்வது அணி. போர்க்களத்திற் படை வகுத்து நிற்பதும் அணி. ஒரு சொல்லே இம்மூன்றுக்கும் பொதுவாய் அமைந்தமையால், ஓர் ஏதமும் உடன் விளைந்தது. அணிவகுப்பைக் காணுங்கால் அதன் அழகையே கண்டு மகிழ்ந்து, அஃது எதன்பொருட்டு ஏற்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். குடியரசு நாளில் மாணவர் படையினர் கால் மாற்றாமல் நடந்து வருவதைக் கண்டு கை கொட்டுகிறோம். ஆனால் அணி என்பது காண்பார் கண்ணுக்காக ஏற்பட்டதன்று. அதனுள் நிற்பாருடைய உயிருக்காக ஏற்பட்டது.

யுத்தத்தைப் புகழ்தல் நம் கருத்தன்று. சமாதானப் பிரபுவின் பெயரால் நடைபெறும் கல்லூரியிற் பயிலும் நாம் அது செய்தல் தகாது. எனினும் மனிதர் பலர் கூடி, சாவின் எதிரே, ஒருவரை ஒருவர் காக்கும் முறையை ஆராய்ந்து கண்டவை சில உண்டு. அவற்றை அறிதலிற் குற்றமில்லை. அவ்வாறு அறியுங்கால் தெளிவாய்ப் புலனாவது ஒன்று: ஓர் அணியின் வலிமையை அதன் முகத்திற் காண முடியாது, அதன் பின்புறத்திலேயே காணமுடியும். இதனை நிறுவுதலே நம் நோக்கம்.

முதற்கண் நம் மொழியை நோக்குவோம். படையின் முன்செல்லும் பகுதியைத் தூசி என்றும் தார் என்றும் கூறினர் முன்னோர். பின்செல்லும் பகுதியைக் கூழை என்றனர். இவ்விரண்டையும் போற்றத் தும்பைத் திணையில் துறைகளும் வகுத்தனர். தும்பையாவது, வேந்தர் இருவர் தத்தம் வலிமையை நாட்டற்பொருட்டு ஒரு களத்தில் எதிர்ப்பட்டுப் பொருவது. தம் வேந்தனை மாற்றார் சூழ்ந்துகொண்டவிடத்து, ஒரு வீரன் மீண்டு வந்து அவர்களைத் தாக்குவதைத் தார்நிலை என்றார் தொல்காப்பியர். படை உடைந்தவிடத்து, ஒருவன் தனியே புகுந்து கூழையைத் தாங்கி நிற்பதை எருமை என்றார். புறப்பொருள் வெண்பாமாலையாரும் முதுகிட்ட படைக்குப் பின்னே நின்று பகையைத் தடுக்கும் மறவனுக்கு எருமைமறம் என்று ஒரு துறை வகுத்தார்.

இப்பெயர் நம் உள்ளத்தைக் கவர்கிறது. சிங்கம் என்றாரில்லை, புலி என்றாரில்லை, வேழம் என்றாருமில்லை. சேற்றிற் கிடப்பதும், அடித்தால் விரைந்து ஓடாததும், நின்ற இடத்தில் நின்றுகொண்டே தலை தாழ்த்திக் கொம்பு காட்டுவதுமாகிய எருமையின் பெயரை இட்டனர். வெற்றிக்கு முன்னே பாய்கின்றவனுக்குப் பரிசில் உண்டு, பாட்டும் உண்டு. எல்லாரும் ஓடும்பொழுது ஓடாமல் நிற்பவனை யார் காண்பார்? காண்பதற்குரியார் எல்லாரும் அவனுக்கு முதுகு காட்டியன்றோ செல்கின்றனர்! அவனுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கருதி, இலக்கணத்திலேயே அதனை வைத்துச் சென்ற நம் முன்னோரின் நுண்ணறிவு வியக்கற்பாலது.

திருமறையை நோக்கினும் இக்கருத்தே தோன்றுகிறது. எகிப்தினின்று புறப்பட்ட இஸ்ரவேலரை வழியில் தாக்கிய அமலேக்கியர், திரளின் முன்னே சென்ற பலவானை எதிர்த்தாரல்லர். இளைத்து விடாய்த்துப் பின்னே தங்கிய பலவீனரை வெட்டினர் என்று உபாகமம் கூறுகிறது. பின்னர் வனாந்தரத்தில் அவர்கள் கோத்திரம் கோத்திரமாய் அணிவகுத்துச் சென்ற முறையை எண்ணாகமம் விரிக்கிறது. யூதா கோத்திரத்தின் கொடி முன்னே செல்லும். தாண் கோத்திரத்தின் கொடி எல்லாப் பாளயங்களுக்கும் பின்னே வரும். தாண் கோத்திரத்தார் தொகையிற் சிறியவரல்லர். முதல் எண்ணிக்கையில் யூதாவுக்கு அடுத்த பெருந்தொகையினர் அவரே. ஆகவே வலியாரை முன்னே நிறுத்தி, எஞ்சியோரைப் பின்னே தள்ளும் முறை அங்கே இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியோ, மீண்டு வரும் ஜனத்திற்குக் கர்த்தரே முன் செல்வார் என்பதோடு நில்லாமல், அவரே பின்னணியுமாய் இருப்பார் என்ற பொருள்பட உரைத்தார். பின்னிற்றல் இழிவாயின், ஆண்டவருக்கு அவ்விடத்தைத் தீர்க்கதரிசி கொடுத்திருப்பாரோ?

நம் நாட்டில் தெருக்கூத்துக் காண்பவரும் அறிந்த கதை அபிமன்யுவினுடையது. துரோணர் வகுத்த சக்கரவியூகத்தில் நுழையும் வழி அவனுக்குத் தெரியும். வெளிவரும் வழி தெரியாது. ஆதலின் மாண்டான் என்று எல்லாரும் சொல்லுகின்றனர். இஃது அரை உண்மையே. வெளிவரும் வழியை அறியாத அவ்விளைஞனைப் பாண்டவர் தனியே அனுப்பினாரல்லர். அவன் திறந்த வாயிலாற் பின்தொடர்ந்து உட்புகுவோம் என்று வாக்களித்தே அனுப்பினர். அவ்வாயிலைச் சயத்திரதன் வந்து அடைத்தான். பின் வரவேண்டியவர் வாராது போயினர். எனவே அபிமன்யு இறந்தது அறியாமையால் அன்று; அவன் கூழை அறுபட்டமையால் என்றலே பொருத்தமாம்.

கதையை விடுத்து வரலாற்றுக்கு வருவோம். 949ஆம் ஆண்டில், அரக்கோணத்திற்கு அண்மையிலுள்ள தக்கோலத்தில், சோழ இளவரசன் இராசாதித்தன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்தான். யானைமேலிருந்து பொருத இராசாதித்தன், கங்க மன்னன் பூதுகனால் அங்கேயே கொல்லப்பட்டான். தலைவன் வீழ்ந்ததும் சோழர் படை நிலைகுலைந்தது. தொண்டைமண்டலம் கைவிட்டுப் போயிற்று. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கொப்பம் என்னுமிடத்தில் முதலாம் இராசாதிராசன் சாளுக்கிய ஆகவமல்லனோடு பொருது, அவனும் யானைமேலேயே உயிர் துறந்தான். அன்றும் சோழர் படை கலங்கியது. ஆனால் அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் களத்திலே பின்னின்றவன் முன்வந்து படையைத் தாங்கினான், தோல்வியை வெற்றியாக்கினான், அக்களத்திலேயே முடி சூடிக்கொண்டான். இரு களத்திலும் அரச குலத்தவர் யானைமேல் துஞ்சினர். இரு களத்திலும் படை கலங்கியது. பின்னே ஒருவன் நின்றதும் நில்லாததுமே வேறுபாடு.

வைகை நீர் சென்று சேரும் மதுரைப் பக்கத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1755ஆம் ஆண்டில் கம்பெனியின் கர்னல் ஹெரான் என்பவர், ஆர்க்காட்டு நவாபின் பொருட்டு வரி தண்டுவதற்காக மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் படை கொண்டு சென்றார். பின்னாளில் மதுரையை ஆண்ட யூசுப்கான் அப்படையிற் சிப்பாய்களுக்குத் தலைவராயிருந்தார். வழியில் மதுரைக்கு அருகே கோவில்குடிக் கோயிலைத் தாக்கிய படையினர், கள்ளர் குலத்தார் வழிபட்டு வந்த திருவுருவங்களைக் கவர்ந்து சென்றனர். பின்னர் அப்படை திரும்புங்கால் நத்தம் கணவாய் வழியே செல்ல நேர்ந்தது. இருபுறமும் காடு, நடுவே குறுகிய வழி. பீரங்கிகளும் சுமைவண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு சென்றன.

அக்காலத்து ஐரோப்பிய அணிவகுப்பு, திறந்த வெளியில் வரிசையாய் நின்று ஒருசேரச் சுடுவதற்கென அமைந்தது. கணவாயில் வரிசைக்கு இடம் ஏது? மே மாதம் 29ஆம் நாள், முன்சென்ற பிரிவினர் தடையின்றிச் சென்றனர். பின்வந்த வண்டிகள் தேங்கின. இடையே வெளி விழுந்தது. காட்டுள் மறைந்திருந்த கள்ளர் அவ்வெளியையே எதிர்நோக்கியிருந்தனர். ஈட்டியும் வேலும் கொண்டு பின்பகுதியின்மேற் பாய்ந்து, சுமைகளைக் குலைத்துத் தம் தெய்வத் திருவுருவங்களை மீட்டுச் சென்றனர். நாம் கிறிஸ்தவராயினும், பிறர் தொழும் பொருளைக் கவர்ந்தாருக்கு நேர்ந்த அவ்விழப்பை எண்ணி வருந்தினோமில்லை. நம் பொருளுக்கு வேண்டுவது இதுவே: அன்று கம்பெனிப் படையின் முன்னணி தோற்கவில்லை, அது நன்றாகவே நடந்தது. நன்றாக நடந்து, பின்னிருந்தாரை விட்டுச் சென்றதே அதன் குற்றம்.

இதற்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லி ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் அகப்பட்டார். அவரிடமிருந்தோர் ஏறத்தாழ 3,800 பேர். அவர் வகுத்தது சதுர அணி. நான்கு பக்கமும் முகமேயாதலால், அதற்கு முதுகு என்பது இல்லை. ஒவ்வொரு பக்கத்து வீரனும் மற்றப் பக்கத்து வீரனுடைய முதுகைக் காத்து நிற்பான். குதிரைப்படையை எதிர்க்க அதனினும் சிறந்த அணி அந்நாளில் இல்லை. நடுவே வைத்திருந்த வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தபின்னும், அச்சதுரம் பலமுறை தாக்குதலைத் தாங்கி நின்றது. இறுதியிற் பெய்லி சரணடைந்தார். சீரங்கப்பட்டினத்துச் சிறையிலேயே 1782இல் உயிர் நீத்தார். சீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அச்சதுரமும், வெடித்த வண்டியும், பல்லக்கிலிருந்த பெய்லியும் இன்றும் ஓவியமாய் விளங்குகின்றன.

சதுர அணியும் தோற்றது ஏன்? பெருஞ்சேனையோடு ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். ஓரிரவு நடந்தால் வந்து சேரத்தக்க தூரமே அது. பக்ஸர்ப் போரில் வென்று புகழ் படைத்த அவர், உரிய காலத்தில் வந்து சேரவில்லை. அணி எத்துணை நன்றாய் அமைந்திருப்பினும், அதற்கு அப்பாலும் ஒரு பின்துணை வேண்டும். ஒரு சதுரம் தன் முதுகைத் தானே காத்துக்கொள்ளலாம், சிறிது நேரத்திற்கு. நெடுநேரத்திற்கு ஆகாது.

‘இவையெல்லாம் வேலும் குதிரையும் இருந்த காலத்துச் செய்திகள், ஆகாயத்தில் முன் எது, பின் எது? மணிக்கு நானூறு மைல் பறக்கும் விமானத்திற்குக் கூழையும் தாரும் உண்டோ?’ என்று வினவுவார் உளர். விடை கூறுவோம். ஆகாயத்திலேயே இவ்வுண்மை மிகத் தெளிவாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத் தொடக்கத்தில் ஆங்கிலேய விமானப்படையினர் மூன்று விமானங்களை ஓர் அம்புமுனை வடிவில் நெருக்கமாய்ப் பறக்கவிட்டனர். நடுவில் தலைவர், இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இருவர். அமைதிக் காலத்துக் காட்சிகளில் இவ்வணி கண்டார் கண்ணைக் கவர்ந்தது. போரிலோ அதன் குறை வெளிப்பட்டது. இருபுறத்தோரும் தலைவரோடு மோதாதிருத்தற்பொருட்டு அவர் விமானத்தின் இறக்கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆதலின் மூவரில் ஒருவரே வானத்தைப் பார்த்தனர். ஒருவரும் பின்னே பார்த்திலர். 1940ஆம் ஆண்டுக் கோடையிற் பலர் தம்மைச் சுட்டவனைக் காணாமலே மாண்டனர். பின்புறத்தைக் காக்கவேண்டிக் கூட்டத்தின் கடைசியில் ஒரு விமானத்தை இடமும் வலமும் வளைந்து வளைந்து பறக்கவிட்டனர். அத்தனியன் அடிக்கடி காணாமற் போயினன். முன்சென்றோர் அதனையும் அறிந்திலர். பின்னே ஒருவனை நிறுத்துதல் மட்டும் போதாது; அவனைக் காப்பாரும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஜெர்மானியரோ 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பெயின் நாட்டுப் போரில் வேறொரு முறை கண்டிருந்தனர். அதனை ஒழுங்குபடுத்தியவருள் வெர்னர் மோல்டர்ஸ் என்பவர் முக்கியமானவர். இவ்விரண்டாக விமானங்களை இணைத்தனர். ஒருவர் தாக்குவார், மற்றவருக்கு உள்ள கடமை, தாக்குபவருடைய முதுகைக் காப்பதொன்றே. இவ்விணைகள் இரண்டு சேர்ந்து நான்காகும். விரித்த கையின் நான்கு விரல்நுனிகள்போல அவை ஒன்றுக்கொன்று முன்பின்னாய், இடைவிட்டுப் பறக்கும். இடைவெளி மிகுதியாதலால் மோதல் பற்றிய அச்சமில்லை. ஆகவே நால்வரும் நாற்புறமும் பார்க்க முடியும். பார்ப்பதற்கு அழகில்லாத இவ்வணி, அழகிய அணியை வென்றது. 1941ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் இம்முறையைக் கைக்கொள்ளலாயினர். அழகு வேறு, அணி வேறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் என்பவர், ஜப்பானியரது சீரோ விமானம் தம்முடையதினும் விரைவாய் வளையவல்லது என்று கேள்வியுற்று, தம் இல்லத்து மேசைமேல் தீக்குச்சிகளை வைத்து நகர்த்தி நகர்த்தி ஓர் உபாயம் கண்டார். இரண்டு விமானங்கள் இடைவிட்டுப் பக்கம் பக்கமாய்ச் செல்லும். ஒன்றின் பின்னே பகைவன் வந்து பற்றினால், இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். துரத்தி வரும் பகைவன் மற்றதன் துப்பாக்கிக்கு நேர்முகமாய் வந்து அகப்படுவான். 1942ஆம் ஆண்டு ஜூன் மாதம் மிட்வே கடற்போரில் இவ்வுபாயம் உயிர் காத்தது. இதன் தத்துவம் எளியது. தன் முதுகைத் தான் பார்க்க முடியாது, தோழன் பார்க்கமுடியும். தோழன் முதுகை நான் பார்ப்பேன். தாழ்ந்த விமானம் உயர்ந்த விமானத்தை எதிர்த்து நின்றது இயந்திரத்தின் வன்மையாலன்று, இந்நம்பிக்கையின் வன்மையால்.

இனி நம் நீர்க்காகங்களிடம் திரும்புவோம். பறவைகள் ஏன் அவ்வடிவிற் பறக்கின்றன என்பதை அறிவியலார் ஆராய்ந்துள்ளனர். மொட்டைத்தலை அரிவாள்மூக்கன் என்னும் இனத்தைச் சேர்ந்த 14 இளம் பறவைகளின் முதுகிற் சிறு கருவிகளைக் கட்டி, அவை வலசை செல்லுங்கால் ஒவ்வோர் இறக்கையடிப்பையும் குறித்தனர். முன்செல்லும் பறவையின் சிறகுநுனிக்கு அப்பால் காற்று மேல்நோக்கி எழும். பின்வரும் பறவை அவ்விடத்திலேயே தன் சிறகை வைத்து, காலம் தப்பாமல் அடித்து, உழைப்பைக் குறைத்துக்கொள்ளும் என்று 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயின் முன்செல்வதற்கு யார் உதவுவார்? அதற்கும் அடுத்த ஆண்டில் விடை கிடைத்தது. இப்பறவைகள் இணை இணையாய் இடம் மாறிக்கொள்ளுகின்றன. ஒன்று மற்றொன்றின் பின்னே எத்துணை நேரம் பறந்ததோ, ஏறக்குறைய அத்துணை நேரம் அதற்கு முன்னேயும் பறக்கிறது. அணைக்கரையிலிருந்து நாம் தேடிய சேனாதிபதி அக்கூட்டத்தில் இல்லவே இல்லை போலும்!

‘தலைவன் வேண்டாவோ? எல்லாரும் பின்னிற்பாராயின் முன்செல்வார் யார்?’ என்று ஒரு தடை எழும். தலைமையை நாம் மறுக்கவில்லை. இராசேந்திரன் பின்னின்றவாறே இருந்திருப்பின் கொப்பத்தில் வெற்றி ஏது? முன்செல்ல வேண்டிய வேளையில் முன்செல்லுதல் கடமையே. நாம் கூறுவது, முன்செல்பவன் தன் விரைவைத் தன் காலால் அளத்தலாகாது. கடைசியில் வருபவன் காலால் அளத்தல் வேண்டும் என்பதே. நத்தத்தில் முன்சென்றார் இவ்வளவுகோலை மறந்தனர்.

இன்றும் நாம் மறக்கிறோம். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாக் கடற்கரையில் இந்திய விமானப்படையினர் தம் ஆண்டு விழாவை ஒட்டி வான்காட்சி நடத்தினர். மேலே விமானங்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போலப் பறந்து சென்றன. கீழே பல லட்சம் மக்கள். அன்று வந்திருந்தோருள் ஐவர் வெயிற்கொடுமையால் உயிர் நீத்தனர். இன்னும் பலர் மயங்கி வீழ்ந்தனர். வானத்தில் ஓர் இறக்கையின் இடைவெளியும் கணக்கிடப்பட்டிருந்தது. மண்ணில் நின்ற முதியவருக்கு நிழலும் நீரும் திரும்பும் வழியும் அவ்வாறு கணக்கிடப்படவில்லை. இவரை அவரைக் குறை கூறுதல் எளிது. அக்கூட்டத்தில் அண்ணாந்து பார்த்தவருள் நம்மைப் போன்ற இளைஞரும் பல்லாயிரவர் இருந்தனர். பக்கத்தில் நிற்பவர் வாடுவதை நம்முள் எத்தனை பேர் பார்ப்போம்?

வைகை அணையின் நீரும் நமக்கு இதனையே நினைப்பூட்டும். 1959இல் திறக்கப்பட்ட இவ்வணைக்கு, பெரியாற்று நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தால் வந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியே இறங்கிச் சேருகிறது. 1895இல் முடிவுற்ற பெரியாறு அணையைக் கட்டியவர் கர்னல் பென்னிகுயிக் என்பது இப்பள்ளத்தாக்கிற் குழந்தைகளும் அறிந்தது. தம் மக்களுக்கு அவர் பெயரை இட்டோரும் உளர். தகுதியே. அவரோடு அக்காட்டிற் சென்று உழைத்தவர் சென்னைப் பயோனியர் படையினர். படைக்கு முன்னே சென்று காடு வெட்டி வழி செய்தலும், பாலம் கட்டுதலும் அவர் தொழில். அவரும் கூலியாட்களுமாய்ப் பலர் மலைக்காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்கள் பெயரை அறிந்தார் யார்? ஒரு போகம் இரு போகமாய் விளையும் நெல்லுக்கு அவரே பின்னணி.

இறுதியாக ஒன்று சொல்லி முடிப்போம். அன்று நாம் ஆண்டிபட்டிப் பக்கம் சென்றது உல்லாசத்திற்காக அன்று. நம்மோடு முதலாண்டிற் சேர்ந்த மாணவர் ஒருவர் அவ்வூரினர். கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அவர் குடும்பத்திற் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவருக்கு முன் ஒருவரும் இல்லை. முதற்பருவத்தில் இரண்டு பாடங்களில் தவறினார். அடுத்த பருவத்திற் பின்வரிசைக்குச் சென்றார். அதற்கடுத்த பருவத்தில் வரவே இல்லை. நாம் முன்வரிசையில் அமர்ந்து, பரிசிற்கும் முதன்மைக்கும் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கொண்டிருந்தோம். வருகைப் பதிவில் அவர் பெயர் விடுபட்ட நாளில்தான் அவர் இல்லாமையை உணர்ந்தோம். அதன்பின்னும் சென்று காண எட்டு மாதமாயிற்று.

அவர் தறியிலிருந்து எழுந்து வந்து அன்போடு வரவேற்றார், காப்பி வருவித்தார். பேச்சின் நடுவே, தாம் வாராமை நமக்கு எந்நாள் தெரிந்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நாம் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம். ஒரு மாதம் சென்றபின் என்று சொல்ல நா எழவில்லை. தும்பைத் திணையின் துறைகளை அடிபிறழாது ஒப்பிக்கும் நாம், எருமைமறத்திற்கு உரையெழுதி மதிப்பெண் பெற்ற நாம், நம் கூழை எப்போது அறுந்தது என்பதை அறியாதிருந்தோம். அணைக்கரையிற் கடைசிப் பறவையைப் பாராமல் விட்டதும் இவ்வழக்கத்தின் பயனே அன்றோ?

ஆதலின் கல்லூரித் தோழருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. மேல் வகுப்பிற் பயிலும் நம்முள் ஒவ்வொருவரும், தவறிய பாடமுடைய இளைய மாணவர் ஒருவரோடு இணைதல் வேண்டும். வாரத்தில் இரு மாலை அவரோடு இருந்து படித்தல் போதும். அவர் ஒரு நாள் வாராவிடில் மறுநாளே விசாரித்தல் வேண்டும். மறுவாரம் என்று தள்ளலாகாது. இது தருமமன்று, அணியிலக்கணம். அவரும் நம் முதுகைக் காக்கும் காலம் வரும். ஆண்டுதோறும் இம்மலரில் முதன்மை பெற்றோர் பெயர் வரிசையாய் அச்சிடப்படுகிறது. அது நன்றே. அதனோடு, அவ்வாண்டிற் சேர்ந்தார் எத்தனை பேர், முடித்து வெளிச்சென்றார் எத்தனை பேர் என்னும் இரண்டு எண்களையும் ஒருசேர அச்சிடுவாராயின், நம் அணி எத்தகையது என்பதை நாமும் அறிவோம், பிறரும் அறிவர்.

நண்பர் அடுத்த கல்வியாண்டில் மீண்டு வருவதாக இன்னும் உறுதி கூறவில்லை. வாரேன் என்றும் மறுக்கவில்லை. வரும் மாதம் மறுபடியும் செல்ல எண்ணியிருக்கிறோம். நூறு ஆடுகளில் ஒன்று தப்பினும் எண்ணித் தேடிச் சென்ற நல்ல மேய்ப்பரின் வழி நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், எண்ணத் தொடங்கவேண்டுவது கடைசியிலிருந்தே.